பெல்ட் இல்லாமல் டர்ட் பைக்கை ஏற்றலாமா? விடை நெல்லையப்பர் தேருக்கு அடியில் இருக்கிறது!

[காட்சி: குட்டி யானை மினி லாரியின் பின்தட்டில் ஒரு டர்ட் பைக் (மண் தடத்தில் ஓட்டுகிற பைக்) நிமிர்ந்து நிற்கிறது. ராட்செட் பெல்ட் (லீவரால் முடுக்கி இறுக்குகிற பட்டை) எதுவும் இல்லை. கேமரா மெதுவாக முன்சக்கரத்தின் அடிக்கு இறங்குகிறது.]

நாற்கரச் சாலையில் குட்டி யானை அறுபதில் போகிறது. குறுக்கே ஆட்டு மந்தை. டிரைவர் பிரேக்கை அழுத்தி மிதிக்கிறார். பின்னால் நிற்கிற 105 கிலோ பைக்கைப் பிடித்து நிறுத்தப் போவது எது? கயிறு என்று சொன்னால் பாதிதான் சரி. அதை நிறுத்துவது ஒரு கட்டை. அந்தக் கட்டையை ஆனி மாதம் நெல்லையப்பர் தேரோட்டத்தின்போது ரத வீதியில் நின்ற எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

வணக்கம் மக்களே! ராட்செட் பெல்ட் இல்லாமல் டர்ட் பைக்கை பத்திரமாக ஏற்றிக்கொண்டு போவது எப்படி என்பதுதான் இன்றைய வீடியோ.

முதலில், ஏன் ஏற்ற வேண்டும், ஓட்டிக்கொண்டே போகலாமே? போட்டிக்கான மோட்டோகிராஸ் பைக்கில் ஹெட்லைட் கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது. ரோட்டில் ஓட்டக் கூடாது. அவ்வளவுதான்.

[காட்சி: மூன்றடைப்பு அருகே நாற்கரச் சாலை.]

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். முதல் முறை பாளையங்கோட்டையிலிருந்து ராதாபுரம் பக்கம் ஒரு நண்பரின் பொட்டல் காட்டுக்குப் பைக்கைக் கொண்டுபோனோம். ஹேண்டில்பாரில் பிளாஸ்டிக் கயிறு, சைடு ஸ்டாண்ட் போட்டபடி பைக். மூன்றடைப்பு தாண்டியதும் ஆடுகள் குறுக்கே வந்தன. பிரேக் அடித்ததும் பைக் முன்னால் பாய்ந்து கேபின் கண்ணாடியை உடைத்தது. கயிறு அறுந்திருக்கும் என்று நினைத்துப் போய்ப் பார்த்தால், முடிச்சுக்கூட அவிழவில்லை. கயிறு மட்டும் கொடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

அறுகாத கயிறு எப்படித் தளர்ந்தது? டர்ட் பைக்கின் சஸ்பென்ஷன் ஏறக்குறைய 30 செ.மீ., அதாவது ஒரு அடி, மேலும் கீழும் போகும். ஹேண்டில்பாரைக் கட்டினால், பள்ளத்தில் வண்டி விழும்போது போர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரட்டைக் குழாய்) அமுங்கும், கயிறு தொய்யும். மறு நொடி போர்க் எழும்பும், கயிறு வெடுக்கென்று இழுபடும். இப்படி நூறு பள்ளம் போனால் எந்த முடிச்சும் இறுக்கமாக இருக்காது.

சரி, இப்போது தேருக்கு வருவோம். இந்த இடத்தை மட்டும் தள்ளி விடாமல் பாருங்கள்.

[காட்சி: தேர்ச் சக்கரத்தின் படம் ஒன்றை வரைந்து காட்டுதல். கட்டை விழும் இடத்தில் சிவப்பு அம்பு.]

சுவாமி தேர் வருகிறது. வடம் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வடத்தால் தேரை இழுக்க முடியும், நிறுத்த முடியாது. முன்னால் இழுக்கிற கயிறு, பின்னால் பிடித்து நிறுத்துமா? நிறுத்துவது சக்கரத்துக்கு முன்னால் போடுகிற ஆப்பு வடிவக் கட்டை. முட்டுக்கட்டை என்பார்கள், சறுக்குக்கட்டை என்றும் சொல்வார்கள். "காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறான்" என்று நாம் திட்டுகிறோமே, அதே கட்டைதான். சக்கரம் முன்னால் போக வேண்டுமானால் கட்டை மேல் ஏற வேண்டும். ஏறுவது என்றால் அத்தனை பாரத்தையும் தூக்குவது. பாரம் கூடக் கூட கட்டை தரையில் இன்னும் அழுந்திப் பிடிக்கும். தேரின் எடையே தேரை நிறுத்துகிறது! ஒவ்வொரு வருஷமும் சக்கரத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்று அந்தக் கட்டையைப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். வடம் இழுக்கிறவர்களைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். கட்டை போடுகிறவர்களையும் ஒரு படம் எடுங்கள், மக்களே.

நம் பைக்குக்கும் இதே வித்தைதான். ஆனால் கட்டை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? இங்கேதான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் லாரியில் பாரம் கட்டுவதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் பாரத்தின் எடையில் 80 சதவீதம், பின்பக்கமும் பக்கவாட்டிலும் 50 சதவீதம் விசையைத் தாங்க வேண்டும். நம் 105 கிலோ பைக்குக்கு முன்பக்கம் 84 கிலோ, பக்கவாட்டில் 52 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். முன்பக்கம்தான் பெரிய சண்டை என்பது இதிலேயே தெரிகிறது. டர்ட் பைக்கின் முன்சக்கரம் 21 அங்குல ரிம். டயரோடு சேர்த்து ஆரம் சுமார் 34 செ.மீ. இந்த 80 சதவீத விசையில் சக்கரம் கட்டை மேல் ஏறாமல் இருக்க எவ்வளவு உயரம் வேண்டும் என்று நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டேன். ஏழரை செ.மீ., அதாவது 3 அங்குலம். அதற்குக் குறைந்தால் சக்கரம் ஏறித் தாண்டிவிடும். பள்ளத்தில் சக்கரம் ஒரு கணம் லேசாகும், அதையும் சேர்த்து நான் 6 அங்குலம் வைக்கிறேன். வீட்டு வாசலில் கிடக்கிற அரைச் செங்கல் போதும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

[காட்சி: மரக்கடையில் கருவேலக் கட்டை அறுபடுகிறது. மரத்தூள் பறக்கிறது.]

கருவேலக் கட்டையை மரக்கடையில் ஆப்பு மாதிரி அறுத்து வாங்குங்கள். ஒரு பலகையில் முன்சக்கரத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒன்று என மூன்றையும் போல்ட் போட்டு முடுக்குங்கள். பலகையின் முன்விளிம்பு கேபின் பக்கத் தகட்டில் முட்டி நிற்க வேண்டும். முட்டாமல் இருந்தால் கட்டையோடு பலகையும் சேர்ந்து சறுக்கும். குட்டி யானையின் தட்டு நீளம் 7 அடிக்குச் சற்று மேல். பைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால் லேசாகக் குறுக்கே நிறுத்துங்கள், பலகையையும் அதே கோணத்தில் அறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கட்டையும் வேண்டும். முன்டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நிற்கிற அளவுக்கு ஒரு துண்டு. போர்க் அந்தக் கட்டைக்கு மேல் அமுங்காது. அமுங்காவிட்டால் கயிறு தொய்யாது.

சைடு ஸ்டாண்ட் வேண்டவே வேண்டாம். முதல் கியர் போடுங்கள். முன் பிரேக் லீவரை சைக்கிள் டியூப் துண்டால் சுற்றி இறுக்கிவிட்டால் அதுவே ஹேண்ட் பிரேக். பெட்ரோல் குழாயை மூட மறக்காதீர்கள்.

இப்போது கயிறு. கட்டை உருளாமல் பார்த்துக்கொள்ளும். சாயாமல் பிடிப்பதுதான் கயிற்றின் வேலை. முன்னால் இரண்டு, போர்க் குழாய்களைப் பிடித்திருக்கிற கிளாம்பிலிருந்து. பின்னால் இரண்டு, ஃபுட்ரெஸ்டிலிருந்து. வழுவழுப்பான பிளாஸ்டிக் கயிற்றில் முடிச்சு நழுவும். பழைய கயிறும் ஆகாது. 2024 ஆனித் தேரோட்டத்தில் அவ்வளவு கனமான வடங்களே அடுத்தடுத்து அறுந்ததைப் பார்த்தோமே.

[காட்சி: கைகள் மட்டும். கயிறு, கொக்கி, முடிச்சு. மெதுவாக.]

முடிச்சு, லாரிக்காரர்கள் போடுவது. ஒரு நுனி பைக்கில். கயிற்றின் நடுவில் முறுக்கி ஒரு கண்ணி. மறு நுனியைத் தட்டின் கொக்கிக்கு அடியில் விட்டு, மேலே கொண்டுவந்து கண்ணிக்குள் நுழைத்து, கீழே இழுங்கள். கணக்குப்படி இழுப்பு மூன்று மடங்கு, உராய்வில் கொஞ்சம் போகும். ஒருவர் பைக்கில் உட்கார்ந்து முன்பக்கத்தை அமுக்க, இன்னொருவர் இழுக்கட்டும். கட்டை இறுகி "கிரீச்" என்று சத்தம் வரும். அதுதான் அளவு. அங்கேயே இரண்டு சுற்று சுற்றிக் கட்டுங்கள்.

அமெரிக்காவில் ரிஸ்க் ரேசிங் கம்பெனி, ஃபுட்ரெஸ்டையே இரும்புக் கொக்கியால் கவ்விப் பிடிக்கிற கருவி விற்கிறது. பிடி விறைப்பாக இருப்பதால் தொய்வுக்கு இடமே இல்லை. அழகான யோசனை. நம் ஊர் வெல்டிங் பட்டறையில் அதே மாதிரி ஒன்று செய்து பார்க்க ஆசை. செய்தால் தனி வீடியோ வரும்.

கிளம்பியதும் மூன்றடைப்பில் ஒரு டீக்கு நிறுத்துங்கள். டீ ஆறுவதற்குள் நான்கு கயிற்றையும் விரலால் சுண்டிப் பாருங்கள். "டொம்" என்றால் சரி. சத்தமே இல்லாமல் ஆடினால் அவிழ்த்து மறுபடி இழுங்கள். வள்ளியூரிலும் ஒரு முறை பாருங்கள், அதற்கு அப்புறம் காற்றாலைகள் சுற்றுகிற இடம். ஆடிக் காற்று பக்கவாட்டில் பைக்கைத் தள்ளும்.

உங்கள் ஊரில் இந்த லாரி முடிச்சுக்கு என்ன பேர் சொல்வார்கள்? கமெண்டில் எழுதுங்கள், அண்ணாச்சி.