ஒரே தறியில் இருவர்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம். நான் பவானியில் ஜமக்காளம் நெய்பவன். மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தகப்பன் என்ற முறையில் சில வார்த்தைகள் பேசும்படி நிலையத்தார் அழைத்தார்கள். நாளை இரவு ஈரோடு சந்திப்பில் ஏற்காடு விரைவு வண்டியில் அவளை ஏற்றிவிட வேண்டும். எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசினால் குரல் நிலைக்காது என்பதால், எழுதி எடுத்து வந்திருக்கிறேன்.

அகலமான ஜமக்காளத்தை ஒருவராக நெய்ய முடியாது. குழித்தறியில் இருவர் அடுத்தடுத்து அமர்ந்து, நூலைச் சுமந்து ஓடும் நாடாவை ஒருவர் தள்ள மற்றவர் வாங்கி அந்தக் கரைக்குச் செலுத்தி, இருவர் காலும் ஒன்றாக மிதித்து, இருவர் கையும் ஒன்றாக, இழையை நெருக்கும் அச்சை இழுத்து அடித்தால்தான் ஊடை என்னும் குறுக்கிழை நேராக விழும். ஒரு கை சற்றே தளர்ந்தாலும் துணி அதைக் காட்டிவிடும். என் பக்கத்தில் இருபது ஆண்டுகள் என் மனைவி அமர்ந்திருந்தாள். அவளுக்கு இடுப்புவலி வந்த பிறகு, பதினொன்றாம் வகுப்பு விடுமுறையிலிருந்து, அந்த இடத்தில் மகள் உட்கார்ந்தாள். சிறு வயதில் ராட்டையில் தார் சுற்றி, அதாவது நாடாவுக்கான நூலைச் சுற்றிப் பழகியவள்தான். ஆனாலும் நாடாவை வாங்கும் பதம் கைக்கு வர ஒரு மாதம் ஆனது. அதன் பிறகு நாங்கள் தறியில் பேசிக்கொண்டதே இல்லை. இழை அறுந்தால் அவள் கால் நிற்கும், என் காலும் தானாக நின்றுவிடும்.

அரசுப் பள்ளியில் படித்தவள். 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்விப் படிப்புகளில் வந்த 7.5 விழுக்காடு இட ஒதுக்கீட்டில், சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் கட்டடப் பொறியியல் கிடைத்திருக்கிறது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். இந்த வழி இல்லாவிட்டால், தறிக்கூலியை நம்பி அவளை நான் அனுப்பியிருக்கவே முடியாது என்பதை இங்கே நன்றியோடு சொல்கிறேன்.

“பொட்டப் புள்ளைய மெட்ராஸ் வரைக்கும் அனுப்போணுங்களா?” என்று கேட்ட உறவினர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. துணிநுட்பம் படிக்க வைத்தால் தொழிலோடு ஒட்டியிருப்பாள் என்று சொன்னவர்களிடம் மட்டும் வேண்டாம் என்றேன். கட்டடம் கட்ட விரும்பும் பெண்ணை நூலால் கட்டி இழுப்பது நியாயமில்லை.

அவள் மனத்தில் ஒரு குற்ற உணர்வு இருக்கிறது. பெட்டியில் துணி அடுக்கும்போது, “ஏனுங்கப்பா, நானும் போயிட்டா தறி நின்னுருமுங்களா?” என்று கேட்டாள். அப்போது பேச்சு வரவில்லை. இப்போது இந்த ஒலிவாங்கியின் முன்னால் சொல்லிவிடுகிறேன்.

அம்மணி, தறி நின்றால் அது உன்னால் நின்றதாகாது. ஜமக்காளத்தைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும் என்று 1985ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அப்படியிருந்தும் விசைத்தறியில் ஓட்டிய விரிப்பைப் பவானி என்று சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவர்கள் விலையை மட்டும் பார்க்கிறார்கள். இந்தச் சுமை பதினெட்டு வயதுப் பெண்ணுடையது அன்று. ஆங்கிலேயர் காலத்தில் ஆலைத்துணி வந்து பிழைப்பைக் கெடுத்தபோது, நம் ஊர் நெசவாளர்கள் முரட்டு நூலைச் சாயமேற்றிப் புதிதாக ஒன்றை நெய்து பார்த்தார்கள், அதுதான் ஜமக்காளமாயிற்று. அன்று அவர்கள் தொழிலைக் கைவிட்டதாக யாரும் நினைக்கவில்லை. நீ போவதையும் நான் அப்படியே நினைக்கிறேன்.

பணம் அனுப்ப வேண்டும் என்று படிப்புக்கு நடுவே வேலை தேடாதே. ஆடிப் பதினெட்டுக்குக் கூடுதுறைக்கு வர முடியாமல் போனாலும் வருந்தாதே. ஆங்கிலத்தில் பாடம் புரியாத நாளில் வாய்விட்டுக் கேள்; தார் சுற்றத் தெரியாதபோது என்னிடம் கேட்கவில்லையா, அதைப் போலத்தான்.

உன் பெட்டியின் அடியில் சிவப்பும் பச்சையுமாய் ஒரு ஜமக்காளம் வைத்திருக்கிறேன். நாம் இருவரும் கடைசியாக நெய்தது. அதன் நடுவில் ஒரு சாண் அளவுக்கு ஊடை தளர்ந்திருக்கும். கல்லூரி ஒதுக்கீடு வந்த மாலையில் நெய்த இடம் அது. தளர்ந்த கை உன்னுடையது அன்று, என்னுடையது. அதை நெசவாளர் சங்கத்தில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதை மடித்தே வைத்திருக்காமல் விடுதித் தரையில் விரித்து, உட்கார்ந்து படி.

திங்கட்கிழமை முதல் பக்கத்துத் தெரு அத்தை உன் இடத்தில் உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் நாடாவை வேகமாகத் தள்ளுவார். நான்தான் அவர் கைக்குப் பழகிக்கொள்ள வேண்டும்.