டிஸ்க் ஒரு நோடில், பெயர் மூன்று நோடிலும்

அனைவருக்கும் வணக்கம். நான் பேச வந்திருப்பது ஒரு சின்ன வேலையைப் பற்றி. விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) ஓட்டும், மூன்று நோட் (சர்வர்) இணைந்த ஒரு ப்ராக்ஸ்மாக்ஸ் க்ளஸ்டர். அதில் இரண்டாவது நோடில் புது டிஸ்க் ஒன்றைச் செருகி, ஃபார்மேட் செய்து, ஒரு டைரக்டரியில் மவுன்ட் செய்து (அந்த டைரக்டரி வழியாக டிஸ்க் தெரியும்படி இணைத்து), ஸ்டோரேஜ் பட்டியலில் சேர்க்க வேண்டும். பத்து நிமிட வேலைதான். அந்தப் பத்து நிமிடத்தில் நான் விட்ட ஓட்டை பின்னால் ஒரு நாளையே விழுங்கியது.

இப்படி ஒரு நோடில் மட்டும் இருப்பது லோக்கல் டிஸ்க். முதலில், லோக்கல் என்றால் என்ன? இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்கள், இந்த டிஸ்க்கில் எழுதுவது நான் ஒருவன்தான் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. எந்த பிளாக் காலி, எது நிரம்பியது என்ற கணக்கை கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) தன் மெமரியில் வைத்துக்கொண்டு வேலை செய்யும். ஒரே லன்னை (பல நோடுக்கும் தெரியும்படி தரப்படும் பொது டிஸ்க்கை) இரண்டு நோடில் மவுன்ட் செய்தால் இரண்டும் ஒரே பிளாக்கைக் காலி என்று நினைத்து எழுதும். உடனே எர்ரர் எதுவும் வராது. அதுதான் கொடுமை. ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 போன்ற க்ளஸ்டர் ஃபைல் சிஸ்டங்கள் எழுதும் முன் மற்ற நோடுகளிடம் பூட்டுக் கேட்டு வாங்கும். அதற்கு நேரம் பிடிக்கும். அதனால் லோக்கல் என்றால் மட்டம் என்று எண்ண வேண்டாம். தானே நகல் எடுத்துக்கொள்ளும் டேட்டாபேஸுக்கு லோக்கல் டிஸ்க்தான் சரி.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், ப்ராக்ஸ்மாக்ஸில் ஸ்டோரேஜ் அமைப்பு எல்லா நோடுக்கும் பொது. டிஸ்க் இருப்பது ஒரு நோடில். பெயர் தெரிவது மூன்றிலும். எந்த நோட் என்று குறிப்பிடாமல் விட்டால், மற்ற இரண்டும் தங்கள் ரூட் டிஸ்க்கிலேயே (இயங்குதளம் இருக்கும் டிஸ்க்கிலேயே) அதே பெயரில் ஒரு வெற்று டைரக்டரியை உருவாக்கிக்கொண்டு, எனக்கும் அந்த ஸ்டோரேஜ் இருக்கிறது என்று சொல்லும். ஆகவே நோட் பெயரைக் கட்டாயம் போடுங்கள்.

பக்கத்திலேயே 'ஷேர்டு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்தால் டிஸ்க் பகிரப்பட்டுவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். எல்லா நோடிலும் இதே தகவல் ஏற்கெனவே இருக்கிறது என்று நாம் கொடுக்கும் வாக்குமூலம் அது. க்ளஸ்டர் அதைச் சரிபார்க்காது, அப்படியே நம்பிவிடும். நோட் விழுந்ததும் ஹெச்ஏ (விஎம்மை வேறு நோடில் தானாக எழுப்பும் வசதி) அந்த டிஸ்க்கில் இருந்த விஎம்மை இன்னொரு நோடுக்குக் கொண்டுபோகும். அங்கே டிஸ்க் இருக்காது, விஎம் எழாது. உண்மையிலேயே இன்னொரு நோடில் நகல் வேண்டுமென்றால் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தின் ரெப்ளிகேஷன் (நகலெடுப்பு) இருக்கிறது. இரண்டு நோடிலும் ஒரே பெயரில் இசட்எஃப்எஸ் பூல் (டிஸ்க்குகளின் தொகுப்பு) வேண்டும். நீங்கள் மாற்றாவிட்டால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். நோட் விழுந்தால், கடைசியாக ஓடியதற்குப் பிறகு எழுதியது போனதுதான். உங்களுக்கு அது பரவாயில்லையா என்று முன்கூட்டியே யோசியுங்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். பூட்டில் எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில், டிஸ்க்கின் பெயருக்குப் பதில் அதன் மாறாத அடையாள எண்ணான யூயூஐடி போட்டிருந்தேன். எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் அடுத்த பூட்டில் மாறலாம். 'நோஃபெயில்' என்றும் சேர்த்திருந்தேன். அது இல்லாவிட்டால், டிஸ்க் வராத நாளில் நோட் சுமார் 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும். நல்ல எண்ணம்தான். ஒருநாள் நோட் ரீபூட் ஆனது, கேபிள் தளர்ந்திருந்ததால் டிஸ்க் வரவில்லை. நோஃபெயில் இருந்ததால் நோட் சமர்த்தாக எழுந்துகொண்டது. இரவு பேக்கப் ஓடியது. எழுத டைரக்டரி இருந்தது, அடியில் டிஸ்க்தான் இல்லை. எல்லாம் ரூட்டுக்குள் போய், விடிவதற்குள் ரூட் நிரம்பிவிட்டது.

கேபிளைச் சரிசெய்து டிஸ்க்கை மவுன்ட் செய்தேன். அப்புறம்தான் வேடிக்கை. டிஸ்க்கில் எவ்வளவு இடம் காலி என்று காட்டும் டிஎஃப் கட்டளை, ரூட் நிரம்பியிருக்கிறது என்கிறது. ஃபைல்களின் அளவைக் கூட்டிக் காட்டும் டியூ கட்டளையைப் போட்டு டைரக்டரி டைரக்டரியாகத் தேடினால் அவ்வளவு பெரிய ஃபைல் எங்கேயும் இல்லை. டெலீட் செய்யப்பட்டும் திறந்தே கிடக்கும் ஃபைல் ஏதாவது இருக்குமோ என்று அரை நாள் அலைந்தேன். விஷயம் எளிது. இரவு எழுதிய ஃபைல்களின் மேல் டிஸ்க் மவுன்ட் ஆகி அவற்றை மூடிவிட்டது. ரூட்டை வேறொரு டைரக்டரியில் பைண்ட் மவுன்ட் செய்து (அதே ரூட்டை இன்னொரு இடத்திலும் தெரியவைத்து) பார்த்தால் அடியில் அத்தனையும் வரிசையாகக் கிடந்தன.

இப்போது இரண்டு காரியம் செய்கிறேன். டைரக்டரி ஸ்டோரேஜ் அமைப்பில் 'இஸ் மவுன்ட்பாயின்ட்' என்பதை இயக்கிவிடுவேன். மவுன்ட் ஆகாதபோது அந்த ஸ்டோரேஜை ஆஃப்லைன் என்று ப்ராக்ஸ்மாக்ஸே ஒதுக்கிவிடும். அதோடு, டிஸ்க்கை மவுன்ட் செய்யும் முன்பே அந்த வெற்று டைரக்டரிக்கு சிஹெச்அட்டர் கட்டளையால் 'இம்யூட்டபிள்' (மாற்ற முடியாதது) என்ற குறி போடுவேன். ப்ராக்ஸ்மாக்ஸுக்குத் தெரியாமல் ஏதாவது ஸ்கிரிப்ட் எழுத வந்தாலும் அங்கே எழுத முடியாது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசராகவே உள்ளே ஒரு ஃபைலை டச் செய்து பார்ப்பேன். அனுமதி இல்லை என்று கர்னல் மறுக்க வேண்டும். அந்த மறுப்பைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டிஸ்க்கை மவுன்ட் செய்வேன்.