எதிர்ச்சாரியில் நின்று பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகாத தமிழர் இருக்க மாட்டார்கள். நானும் முப்பது வருஷமாகப் போகிறேன். ஆனால் அங்கே இருக்கிற, கீழே கடையும் மேலே வீடுமான பழைய கடைவீடுகளின் மாடியை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. கண் எப்போதும் வெண்டைக்காய் முற்றலா பிஞ்சா என்பதிலேயே இருக்கும்.

போன வருஷம் ஒரு நாள் நல்ல மழை. ஐந்தடியில், அதாவது கடை வாசலோடு ஓடுகிற கூரை போட்ட நடைபாதையில், ஒதுங்கி நின்றேன். மழை விடுகிற மாதிரி இல்லை, இரண்டு கையிலும் பை, ஃபோனில் சார்ஜும் இல்லை, சரி என்று எதிரே பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எதிர்ச்சாரி மாடி கண்ணில் பட்டது. சுதையில் மாலை, தூண் தலைப்பில் இலை, ஜன்னலுக்கு மேல் வளைவு! கீழே நாம் சாமான் வாங்குகிற அதே கடைதான். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நாம் நடக்கிற ஐந்தடிக்கு மேலேதான் மாடி நீட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் எந்தக் கடையின் வாசலில் நிற்கிறோமோ அந்தக் கடையின் முகம் நமக்குத் தெரியவே தெரியாது. 1822இல், இந்த ஊரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் நகரத்துக்குத் திட்டம் போட்டபோதே, ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் கூரை போட்ட வழி தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். வெயிலுக்கும் மழைக்கும் நல்லது. கட்டடம் பார்க்க மட்டும் உதவாது.

அதற்கப்புறம் நானே ஒரு பாதை வைத்துக்கொண்டேன். வழிகாட்டி வேண்டாம், கட்டணம் இல்லை, இரண்டு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். நான் முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய், கூட்டத்தில் ஆட்களின் முதுகைத்தான் பார்த்துவிட்டு வந்தேன்.

சிலிகி ரோடு முனையில், வளைந்து நிற்கிற எலிசன் கட்டடத்தில் ஆரம்பியுங்கள். பெயரும் 1924 என்ற வருஷமும் நெற்றியிலேயே இருக்கின்றன, கூடவே யூதர்களின் ஆறுமுனை நட்சத்திரமும். கட்டியவர் ஐசக் எலிசன் என்ற யூதர். சுரங்கச் சாலைக்காக இதில் ஒரு பகுதியை இடித்துவிட்டுப் பழையபடியே திரும்பக் கட்டப்போவதாக 2016இல் அறிவிப்பு வந்தது. அச்சு அசலாகக் கட்டினாலும் அது பழைய கட்டடம் ஆகுமா என்று எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

அங்கிருந்து தேக்கா பக்கம் வந்தால் கெர்பாவ் ரோடு. மலாயில் கெர்பாவ் என்றால் எருமை. இந்த வட்டாரத்தில் மாட்டு வியாபாரம் நடந்ததற்குத் தெருப்பெயர்தான் சாட்சி. அங்கே 37ஆம் எண்ணில் டான் டெங் நியாவின் வீடு, 1900இல் கட்டியது. லிட்டில் இந்தியாவில் மிஞ்சியிருக்கிற ஒரே பழைய சீனர் மாளிகை இதுதான். மிட்டாய்த் தொழிற்சாலை வைத்திருந்தவர். கரும்பைப் பிழிந்து மிச்சமான சக்கையை எரித்து ரப்பர் உலர்த்தினாராம், ஒன்றையும் வீணாக்காத மனிதர். இப்போது வானவில்லை உடைத்து ஊற்றியது மாதிரி இருக்கிற நிறமெல்லாம் பின்னால் வந்தது. படம் எடுக்க எல்லாரும் அதற்காகத்தான் வருகிறார்கள், நான் கதவையும் கூரையையும் பார்க்கப் போகிறேன்.

சிராங்கூன் ரோட்டைக் கடந்து டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல். 1907இல் கட்ட ஆரம்பித்தார்கள். சுற்றியிருந்த கடைவீடுகளின் வாடகைதான் செலவுக்குக் கைகொடுத்தது. நுழைவாயிலுக்கு மேலே சூரியன் மாதிரி ஒரு வேலைப்பாடு இருக்கும், அதில் 25 கதிர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர் அரபியில். இதையும் எதிர்ச்சாரியில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

பக்கத்தில் கம்போங் காப்போர். மலாயில் கம்போங் என்றால் கிராமம், காப்போர் என்றால் சுண்ணாம்பு. நம்மவர்கள் அந்தக் காலத்தில் சிராங்கூன் ரோட்டு வட்டாரத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றே சொன்னார்கள். கம்போங் நம் வாயில் கம்பம் ஆகிவிட்டது! இந்தச் சுண்ணாம்பைப் பற்றிப் பேசாமல் பழைய கட்டடம் பற்றிப் பேச முடியாது. 1850களில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து வந்த கைதிகள். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கருப்பட்டி போன்ற பழுப்புச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர், இதையெல்லாம் அரைத்துப் பூசித் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார்கள். மதராஸ் சுண்ணாம்பு என்றே அதற்குப் பெயர். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் கன்னம் வைத்தால் குளிரும் சுவர்கள் உண்டே, அதற்கும் இதற்கும் ஒரே கைப்பக்குவம். கடைவீடுகளுக்கு இவ்வளவு ஆடம்பரம் கிடையாது, ஆனாலும் சுண்ணாம்புக் காரைதான். அது ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன் மேல் பிளாஸ்டிக் மாதிரியான பெயின்ட்டை அடித்தால் ஈரம் போக வழியில்லாமல் சுவர் கொப்பளித்து உரியும். அடுத்த முறை பாருங்கள், தரையோரத்தில்தான் முதலில் உரிந்திருக்கும்.

சையத் ஆல்வி ரோட்டைத் தாண்டி ஜாலான் புசார் வழியாகப் போனால் பெட்டேன் ரோடு வரும். முதல் உலகப் போரின் பிரெஞ்சுத் தளபதி பெத்தேன் பெயர் வைத்த தெரு. இரண்டாம் போரில் அவர் ஹிட்லரோடு ஒத்துப்போய் 1945இல் தேசத்துரோகத் தண்டனை வாங்கினார், தெருவின் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. அந்தத் தெருவில் 1930இல் கட்டிய 18 வீடுகள், ஒரே வரிசை. சுவரில் பூப்போட்ட பளபளப்பான பீங்கான் ஓடு, தூணில் பறவையும் பூவும் சுதையில். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட ஓடு முதலில் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது. முதல் போரில் அந்த வரத்து தடைபட, ஜப்பான்காரர்கள் அதே மாதிரி செய்து மலிவாக விற்றார்கள். செட்டிநாட்டு வீடுகளிலும் ஜப்பான் ஓடு உண்டு. ஊர்தான் வேறு, எல்லாம் ஒரு கடல் வாணிபம்.

இந்த வரிசையை மட்டும் பக்கத்தில் போயும் பாருங்கள். ஓட்டின் பூ லேசாகப் புடைத்திருப்பது எதிர்ச்சாரியில் நின்றால் தெரியாது. ஆனால் தொடாதீர்கள், ஜன்னல் வழியாக எட்டியும் பார்க்காதீர்கள், உள்ளே ஆட்கள் இருப்பார்கள். பார்த்து முடித்ததும் திரும்ப ஜாலான் புசாருக்கு நடந்தால் கோப்பிக்கடை. அதற்குள் மணி ஒன்பது ஆகியிருக்கும், எனக்கு அங்கே ஒரு கோப்பி ஓ, பால் இல்லாத கோப்பி.