ஓடிசியும் ஒரு முகக் களிம்பும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வேறு நிகழ்ச்சியை விட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, அரங்கம் தந்த கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, நான் பேசும் கூட்டம் எதையும் தவறவிடாத மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

இரண்டு செய்திகள் சொல்லப்போகிறேன். பாலிஅமீன்கள் மரபணுவை எப்படி ஆட்டிவைக்கின்றன, புற்றுநோயில் அவற்றின் பங்கு என்ன.

பாலிஅமீன்கள் என்றால் நம் செல்களில் இருக்கும் புட்ரசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின். மூன்றும் நேர்மின்னேற்றம் கொண்ட சின்ன மூலக்கூறுகள். டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டிலும் ஒட்டும். பெரும்பாலும் ஆர்என்ஏவில்தான் கிடக்கும். அதனால் மரபணுவின் செய்தி ஆர்என்ஏ வழியாகப் புரதமாகும் இடத்தில் இவற்றின் கை ஓங்கியிருக்கும். இஐஎஃப்5ஏ என்றொரு புரதம். ஸ்பெர்மிடின் தன்னிலிருந்து ஒரு துண்டைக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். இல்லையென்றால் புரோலின் என்ற அமினோ அமிலம் அடுத்தடுத்து வரும் இடத்தில், புரதம் கட்டும் ரைபோசோம் திணறி நின்றுவிடும்.

‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.’ நான் எந்த மேடையிலும் விடாத பழமொழி. செல்லுக்கும் அது தெரிந்திருக்கிறது! பாலிஅமீன் கூடிப்போனால், ஆன்டிசைம் என்ற புரதத்துக்கான ஆர்என்ஏவைப் படிக்கும் ரைபோசோம் ஓர் எழுத்தைத் தாண்டிப் படிக்கிறது. தாண்டினால்தான் ஆன்டிசைம் முழுதாக உருவாகும். அது, பாலிஅமீனைத் தயாரிக்கும் ஓடிசி (ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ்) நொதியைப் பிடித்துப்போய்ச் சிதைவுக்குத் தள்ளிவிடும்.

புற்றுநோய்ச் செல் பெருகவும் பாலிஅமீன் வேண்டும். அந்த ஓடிசியை முடக்க, புற்றுநோய்க்கென்று எஃப்ளார்னிதின் என்ற மருந்தை உருவாக்கினார்கள். அது பலித்தது ஆப்பிரிக்கத் தூக்க நோயில். அந்த நோயைத் தரும் ஒட்டுண்ணிக்கும் பாலிஅமீன் வேண்டுமே! நினைவிழந்து கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அதற்கு முன் போட்டுவந்தது ஆர்சனிக் மருந்து. ஏறக்குறைய இருபது பேரில் ஒருவரை அந்த மருந்தே கொன்றது. ஐயா, இப்படிப்பட்ட எஃப்ளார்னிதினை 1990களின் நடுவில் நிறுத்திவிட்டார்கள். நோயாளியிடம் காசில்லை, அவ்வளவுதான். 2000இல் அதே மருந்து அமெரிக்காவில் களிம்பாக வந்தது. எதற்கு? பெண்களின் முகத்தில் முடி வளராமலிருக்க! உயிருக்கு இல்லாத சந்தை மீசைக்கு இருந்தது. (சிரிப்பு) எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு போராடி, உலக சுகாதார நிறுவனம் பேசி, 2001இல்தான் ஊசி மருந்துக்கு மறுபடி வழி பிறந்தது. 2023இல் குழந்தைகளின் நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புச் செல் புற்றுநோய் திரும்பாமலிருக்கவும் அமெரிக்கா இதை அனுமதித்தது.

லாபத்துக்கும் அதே பழமொழிதான்: அளவுக்கு மிஞ்சினால் நஞ்சு. அரசின் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் தடுப்பூசி உற்பத்தியை 2008இல் நிறுத்திவைத்தார்களே, மறந்துவிட்டோமா? செங்கல்பட்டுத் தடுப்பூசி வளாகம் கொரோனா காலத்திலும் உற்பத்தியில்லாமல் கிடந்ததே? பொதுத்துறை மருந்து ஆலைகளைத் திறக்கக் கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்தை நகர்மன்றத் தலைவர் அவர்கள் போடுவார்கள் என்று, அவர்களைக் கேட்காமலேயே அறிவிக்கிறேன்.