வாசகர் வரும்வரை யார் துணை?

நடுவர் அவர்களே, தமுக்கத்துக்குப் புத்தகம் வாங்க வந்து, பையைக் காலடியில் வைத்துக்கொண்டு எங்கள் பேச்சையும் கேட்கும் மதுரை மக்களே, வணக்கம்.

கவிஞரை வாழவைப்பது பதிப்பாளரின் நட்பா, வாசகரின் ஆதரவா? நட்புதான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தம்பி, "வாங்க ஆள் இல்லாத கவிதையை எவ்வளவு நெருங்கிய நண்பரும் அச்சடிக்க மாட்டார்" என்றார். நம் வத்தலக்குண்டுக்காரர் ஒருவர் அச்சடித்திருக்கிறாரே தம்பி!

எழுத்தாளர் சி.சு. செல்லப்பாவைச் சொல்கிறேன். இங்கே மதுரைக் கல்லூரியில் படித்தவர். அவருடைய நண்பர் கவிஞர் ந. பிச்சமூர்த்தி அவருக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். 'மணிக்கொடி' இதழ் வந்த நாளில், யாப்பு என்ற கவிதையின் பழைய கட்டை அவிழ்த்துப் பார்த்தவர். அப்புறம் பல வருடம் அவர் கவிதைப் பக்கமே வரவில்லை. ஏன் எழுதவில்லை என்று எந்த வாசகர் கடிதம் போட்டார்? 1959 ஜனவரியில் செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கினார். பிச்சமூர்த்தி மறுபடி கவிதை எழுதினார். ஒரு நண்பர் இடம் போட்டுக் காத்திருந்தால் பேனா தானாகத் திறக்கும் ஐயா.

இளையவர்களையும் செல்லப்பா விடவில்லை. திருகோணமலையிலிருந்து 'எழுத்து'க்கு எழுதிய கவிஞர் தருமு சிவராமுவுக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது. யாப்பில்லாத புதுக்கவிதையை 'இது கவிதையே இல்லை' என்று ஊரே சொன்ன காலத்தில், 1962இல், 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் திரட்டிப் 'புதுக்குரல்கள்' என்று புத்தகமாக்கினார் செல்லப்பா. அச்சடித்ததோடு நிற்கவில்லை. புத்தக மூட்டையைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். அந்தச் சுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இன்னொருவர் பக்கத்துச் சிவகங்கைக்காரர், கவிஞர் மீரா. நம் தியாகராசர் கல்லூரியில் அப்துல் ரகுமானோடு பழகிய பழக்கம் கடைசிவரை விட்டுப்போகவில்லை. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே 'அன்னம்' பதிப்பகத்தை நடத்தினார். நவகவிதை வரிசை என்று புதியவர்களுக்குக் கதவு திறந்தார். கவிஞரே பதிப்பாளரானதால், கையெழுத்துப் பிரதியோடு வாசலில் நிற்கும் பையனின் படபடப்பு அவருக்குத் தெரிந்திருந்தது.

நட்பு கணக்கைக் கெடுக்கும் என்றார் தம்பி. சரி, ஒப்புக்கொள்கிறேன். நண்பரிடம் ராயல்டி கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்ட கவிஞர்களை நானும் அறிவேன். அது தவறுதான், கணக்கு சரியாக இருக்க வேண்டும். ஆனால் அந்தத் தவறு நடப்பதற்குக்கூட முதலில் புத்தகம் என்று ஒன்று வந்திருக்க வேண்டுமே!

மணி அடித்துவிட்டார்கள். தம்பி, அந்த 63 கவிதைகளில் எதற்காக 1962இல் உங்கள் சட்டைப்பையிலிருந்து காசு எடுத்திருப்பீர்கள்? அடுத்த சுற்றில் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.