எதிர்ப்பொருள் காட்டிக்கொடுக்கும் செல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

எதிர்ப்பொருள் என்றவுடன், வைரஸ் செல்லுக்குள் நுழையுமுன் அதைப் பற்றிக்கொண்டு வழிமறிக்கும் ஒரு புரதமே நம் நினைவுக்கு வருகிறது. கொரோனாக் காலத்தில் தடுப்பூசியைப் பற்றி நாள்தோறும் கேட்ட செய்திகள் அந்த எண்ணத்தை இன்னும் ஆழமாகப் பதித்துவிட்டன. அது பிழையன்று, ஆனால் செய்தியில் பாதிதான். வைரஸ் உள்ளே நுழைந்த பிறகும் எதிர்ப்பொருளுக்கு வேலை இருக்கிறது என்பதை, சைட்டோமெகலோவைரஸ் என்னும் மிகப் பரவலான வைரஸை முன்வைத்து இன்று விளக்க விரும்புகிறேன்.

சின்னம்மை வைரஸைப் போலவே இதுவும் ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. எச்சில், சிறுநீர், தாய்ப்பால் வழியாகப் பரவும். இந்தியாவில் வயது வந்தோரில் மிகப் பெரும்பாலோர் இதை எப்போதோ பெற்றுக்கொண்டு, பெற்றதை அறியாமலேயே வாழ்கிறார்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து பிறக்கும் சில செல்களில் அது வாழ்நாள் முழுவதும் உறங்கிக் கிடக்கிறது. உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களிடத்திலும் கருவிலிருக்கும் குழந்தையிடத்திலும்தான் அதன் கொடுமை வெளிப்படுகிறது. அமெரிக்காவில் ஏறத்தாழ 200 குழந்தைகளில் ஒன்று இத்தொற்றோடு பிறக்கிறது. அவ்வாறு பிறப்பவற்றில் ஐந்தில் ஒன்றுக்குச் செவித்திறன் இழப்பு முதலிய நீடித்த குறைகள் ஏற்படுகின்றன.

இவ்வளவு காலம் ஒரு வைரஸ் உடலில் தங்க முடிகிறது என்றால், அது மறைந்துகொள்ளக் கற்றிருக்க வேண்டும். நம் செல் ஒவ்வொன்றும், கடை வாசலில் மாதிரிச் சரக்கைத் தொங்கவிடுவது போல, தனக்குள் உருவாகும் புரதங்களின் துணுக்குகளை எச்எல்ஏ மூலக்கூறுகளில் ஏந்தி வெளியே காட்டுகிறது. அவற்றில் அந்நியத் துணுக்கைக் கண்டால் டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் அந்தச் செல்லை அழித்துவிடும். சைட்டோமெகலோவைரஸோ யூஎஸ்2, யூஎஸ்11 போன்ற புரதங்களைக் கொண்டு அந்த மூலக்கூறுகளையே உள்ளே சிதைத்துவிடுகிறது. எதையும் காட்டாத செல்லைச் சந்தேகிப்பதற்கென்றே இயற்கைக் கொல்லி செல்கள் இருக்கின்றன; 1975-இல் ஸ்வீடன் அறிவியலாளர்கள் அடையாளங்கண்டு பெயரிட்டவை அவை. வைரஸ் அதற்கும் ஆயத்தமாக, யூஎல்18 என்ற போலி எச்எல்ஏ புரதத்தை வெளியே நிறுத்துகிறது. கொல்லி செல்லைத் தூண்டக்கூடிய அபாய அடையாளங்களை யூஎல்16, யூஎல்141 ஆகிய புரதங்களால் உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. இவ்வளவு பொறுமையான எதிரியை நுண்ணுயிர் உலகில் அதிகம் காண முடியாது.

எதிர்ப்பொருளின் இரண்டாம் வேலை இங்கேதான் தொடங்குகிறது. ஐஜிஜி வகை எதிர்ப்பொருளுக்கு இரு கைகளும் ஒரு தண்டும் உண்டு. தொற்றுண்ட செல்லின் மேற்பரப்பில் தென்படும் வைரஸ் புரதத்தைக் கைகள் பற்றிக்கொள்ள, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை இயற்கைக் கொல்லி செல்லின் சிடி16 என்னும் ஏற்பி பற்றுகிறது. அருகருகே பல ஏற்பிகள் இவ்வாறு பிணைந்தவுடன், கொல்லி செல் பெர்ஃபோரின் என்னும் புரதத்தைக் கொண்டு எதிரிலுள்ள செல்லின் சவ்வில் துளையிட்டு, கிரான்சைம் நொதிகளை உள்ளே செலுத்தி, அதைத் தானே மாளச் செய்கிறது. புற்றுநோய் மருத்துவர்களுக்கு இது புதிதன்று. 1997-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிட்டுக்ஸிமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்து பெருமளவு இந்த வழியைத்தான் நம்பியிருக்கிறது. இவ்வழியின் சிறப்பு, கொல்லி செல் எதையும் முன்கூட்டி அறிந்திருக்க வேண்டியதில்லை என்பதே. எது அந்நியம் என்று தீர்மானிக்கும் பொறுப்பு எதிர்ப்பொருளுடையது. சைட்டோமெகலோவைரஸ் தொற்றியவர்கள் பலரிடம், எதிர்ப்பொருளின் அழைப்புக்கு மிகுந்த வேகத்தோடு பதிலளிக்கும் ஒரு தனிக் கொல்லி செல் கூட்டமே பெருகி நிலைத்துவிடுகிறது.

வைரஸ் இதையும் விட்டுவைக்கவில்லை. ஜிபி34, ஜிபி68 என்ற இரு புரதங்கள் எதிர்ப்பொருளின் தண்டைத் தாமே பற்றிக்கொண்டு, சிடி16 தூண்டப்படுவதைத் தடுக்கின்றன. அப்படியானால் எதைக் குறிவைத்த எதிர்ப்பொருள் வெல்லும்? தடுப்பூசி ஆய்வுகள் நெடுங்காலம் நம்பியிருந்தது, வைரஸ் நுழைவதற்குப் பயன்படுத்தும் கிளைக்கோபுரதம் பி என்ற மேற்பரப்புப் புரதத்தை. ஆனால் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. தொற்றிய செல்லின் மீது கொல்லி செல்லை ஏவுவதில், நுழைவுப் புரதங்களைக் காட்டிலும், சற்று முன்பு நான் குறிப்பிட்ட யூஎல்16, யூஎல்141 ஆகியவற்றைப் பற்றும் எதிர்ப்பொருள்களே முன்னின்றன. ஒளிந்துகொள்வதற்காக வைரஸ் தொற்றின் தொடக்கத்திலேயே உருவாக்கும் புரதங்களே செல்லின் மேற்பரப்பிலும் தென்பட்டு, அதைக் காட்டிக்கொடுக்கின்றன.

கிளைக்கோபுரதம் பி தடுப்பூசி பயனற்றது என்று இதைக்கொண்டு முடிவு செய்துவிடக் கூடாது. இளந்தாய்மாரிடம் நடத்தி 2009-இல் வெளியிடப்பட்ட சோதனையில் அது தொற்றை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. அது உண்டாக்கிய எதிர்ப்பொருள்களின் நுழைவைத் தடுக்கும் ஆற்றல் சுமாராகவே இருந்ததால், பாதுகாப்பு வேறு வழியிலும் வந்திருக்க வேண்டும் என்ற கருத்து பிறகு வலுப்பெற்றது. கருவிலிருக்கும் குழந்தைக்குத் தொற்றைக் கடத்திய தாய்மாரையும் கடத்தாத தாய்மாரையும் ஒப்பிட்டு 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வும், கடத்தாதவர்களின் எதிர்ப்பொருள்கள் விழுங்கு செல்களைத் தூண்டுவதில் மேம்பட்டிருந்ததைக் காட்டியது. ஆகவே இனி வரும் தடுப்பூசிகளை மதிப்பிடும்போது, எதிர்ப்பொருள்களைக் கொண்ட இரத்தச் சீரம் வைரஸின் நுழைவை எந்த அளவு தடுக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், தொற்றிய செல்களை அழிக்க நம் செல்களை அது எவ்வளவு திறம்பட அழைக்கிறது என்பதையும் அளந்தாக வேண்டும் என்பது என் கருத்து; அந்தச் சோதனைக்கு நேரமும் செலவும் கூடுதலாகும் என்றபோதிலும்.