கவிழ்ந்தால் ஏறி உட்கார இடம் இருக்கிறதா?

வணக்கம் மக்களே. முட்டம் கடற்கரையில் இருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கும் இரைச்சல் கச்சான் என்கிற மேற்குக் காற்றின் உபயம்; ஆகவே ஒலிப்பதிவுக்காக இந்த முறையும் என்னைத் திட்ட வேண்டாம்.

ஒரு வாரமாக என் கைப்பேசிக்கு ஒரே காணொளியை ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டீர்கள். ஐம்பதடி நீளப் பந்தயப் படகு ஒன்று தண்ணீரை விட்டு எழும்பிப் பறக்கிறது. அதன் மேல் 'உலகமே வியக்கும் நம் கட்டுமரம்' என்று எழுதியிருக்கிறது. இந்தப் பெருமை எனக்கு அறவே பிடிக்கவில்லை. அந்த வகைப் படகை ஆங்கிலத்தில் அழைக்கும் கேட்டமரான் என்ற பெயர் நம்மிடம் இருந்து போனதுதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நம்முடையது கட்டைகளை அணைத்துக் கட்டிய மரம்; அவர்களுடையது பசிபிக் தீவுகளின் மரபில் வந்த, இரண்டு ஓடங்களைக் குறுக்குச் சட்டங்களால் பூட்டிய இரட்டைப் படகு. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு பெருமைப்படுகிறவர்கள், இரண்டும் கவிழும்போது என்ன ஆகிறது என்று பார்ப்பதே இல்லை.

அலைவாயில் மரம் புரண்டால், நீந்தி வந்து அதன் மேலேயே ஏறி உட்காரலாம். அதற்கு உள்பக்கம் என்று ஒன்றே கிடையாது. அடியில் கனத்த ஈயத்தைத் தாங்கிய ஒற்றைப் பாய்மரப் படகு சாய்ந்தாலும், அந்த எடையே அதைத் திரும்ப நிமிர்த்தப் பார்க்கும். இரட்டைப் படகுக்கு அந்த எடை இல்லை. ஓரளவு சாயும் வரை மலை போல நிற்கும், அந்த அளவைத் தாண்டியதும் தலைகீழாகப் போய், அப்படியே நிலைத்துவிடும். இரண்டு ஓடங்களுக்கும் நடுவே ஆட்கள் நடமாடும் வலையும் சட்டங்களும் அப்போது உள்ளே இருப்பவர்களுக்குக் கூரையாகிவிடுகின்றன.

2013 மே 9 அன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நடந்தது இதுதான். அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் படகுப் பந்தயத்துக்காகப் பயிற்சி செய்துகொண்டிருந்த ஆர்ட்டெமிஸ் அணியின் 72 அடிப் படகு கவிழ்ந்து உடைந்தது. பதினொரு பேர் ஓட்டும் படகு அது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரிட்டன் வீரர் ஆண்ட்ரூ சிம்சன், சிதைந்த பாகங்களுக்கு அடியில் ஏறக்குறைய பத்து நிமிடங்கள் சிக்கிக்கொண்டார், மீட்டும் பிழைக்கவில்லை. வயது 36. ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவருக்கு நீந்தத் தெரியாமல் இருக்குமா? அவர் வெளியே வர வழி இல்லை, அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பு, 2012 அக்டோபர் 16 அன்று, அதே விரிகுடாவில் ஆரக்கிள் அணியின் 72 அடிப் படகும் குப்புற விழுந்தது. இரண்டுமே, காற்றுக்குக் குறுக்கே ஓடும் படகைக் காற்றோடு திருப்பும் கணத்தில் நேர்ந்தவை. அந்தக் கணத்தில் காற்றின் முழு விசையும் முன்மூக்கைத் தண்ணீருக்குள் அழுத்துகிறது. நம் ஆட்கள் காற்று மிஞ்சினால் பாயை இறக்கிவிடுவார்கள். அந்தப் படகின் பாயோ விமான இறக்கை போன்று விறைப்பாக, ஏறக்குறைய 40 மீட்டர் உயரத்துக்கு நின்றது. ஓட்டத்தின் நடுவே அதைச் சுருக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது. ஆரக்கிள் படகில் இருந்தவர்கள் தப்பினார்கள்; படகை மட்டும் வற்றும் நீரோட்டம் கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. நீவாடு, அதாவது நீரோட்டம், எந்த ஊரிலும் நீவாடுதான்.

சிம்சன் இறந்த பிறகு 37 பரிந்துரைகள் வந்தன: உடற்கவசம், தலைக்கவசம், சிறிய காற்றுக்குப்பி, உடன் வரும் மீட்புப் படகில் முக்குளிப்பவர்கள். எனக்குப் பிடித்தது காற்று வரம்பு. 33 நாட் வரை ஓட்டலாம் என்று இருந்ததை 23 நாட்டுக்குக் குறைக்கச் சொன்னார்கள். 23 நாட் என்றால் மணிக்கு ஏறக்குறைய 43 கிலோமீட்டர். நமக்கு 'மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்று எச்சரிக்கை வருகிறதே, கோடிக்கணக்கில் செலவழித்த படகு அதற்கும் சற்றுக் கீழேயே கரைக்குத் திரும்ப வேண்டும் என்று ஆயிற்று. காற்று அந்த வரம்பை மீறியதால் அந்த ஆண்டு இறுதிச் சுற்றுகளே தள்ளிப்போயின. கரையில் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்களாம், முணுமுணுக்கட்டும்.

இனி கத்திக்கு வருகிறேன். இதற்கு நேரம் அதிகம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வீரர்கள் மார்பில் செருகியிருக்கும், கொக்கி போல வளைந்த கயிறு வெட்டும் கத்தி எனக்கும் வேண்டும் என்று இணையத்தில் வாங்கினேன். விலை 1,480 ரூபாய், அனுப்புகூலி 90 தனி. முனை மழுங்கியிருப்பதால் உடம்பிலோ உயிர்காப்பு அங்கியிலோ குத்தாது. கொக்கியின் உள்வளைவில் மட்டும் கூர். நல்ல பொருள்தான். ஆனால் உறை இருக்கிறதே, அதை ஈரக் கையால் உருவவே முடியவில்லை! காய்ந்த கையில் சட்டென்று வருகிறது, உப்புத் தண்ணீரில் நனைத்தால் பிடித்துக்கொள்கிறது. முழுகுகிறவன் கையைத் துடைத்துவிட்டா கத்தியை எடுப்பான்? விற்றவர்களிடம் முறையிட்டேன்; 'தயாரிப்பில் குறை இல்லை' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. கடைசியில் பிடியில் தங்கூசியை, அதாவது நைலான் தூண்டில் நரம்பை, ஒன்பது சுற்றுச் சுற்றி முடிச்சிட்டேன். இப்போது நழுவாமல் வருகிறது. இந்த ஆண்டு நான் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

அதைச் சோதிக்க, சித்தப்பாவின் பைபர் வள்ளத்தை மார்பளவுத் தண்ணீரில் கவிழ்த்து, இருவர் பக்கத்தில் நிற்க, அடியில் புகுந்தேன். நீங்கள் வீட்டில் இருந்து இதைச் செய்து பார்க்க வேண்டாம். உயிர்காப்பு அங்கி என்னை மேலே தூக்கிக் குறுக்குப்பலகையோடு ஒட்டவைத்துவிட்டது. தப்பிக்க நான் கீழே அமிழ வேண்டும், அதுவோ விடவில்லை. கையில் ஒரு கயிறும் சுற்றிக்கொண்டது. கயிற்றை அறுத்து, அங்கியின் கொக்கியைக் கழற்றி, வெளியே தலையை நீட்டியபோது பதினெட்டு வினாடிகள் ஆகியிருந்தன. இது நின்ற தண்ணீரில், நின்ற வள்ளத்தில். இப்போதைய பந்தயப் படகுகள் 50 நாட்டைத் தாண்டுகின்றன. நீருக்குள் இறக்கையாக நிற்கும் ஃபாயிலின் தூக்குவிசை, வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும், ஆகவே சிறு பிசகிலும் படகு மேலே எகிறிப் பின் மூக்கால் விழும். தண்ணீரில் விழுந்தவனை அந்த ஃபாயிலும் சுக்கானுமே கத்தியாக வெட்டும். 2015-இல் பிரான்சின் பிராங்க் காம்மாஸின் கால் அப்படித்தான் பயிற்சியில் சிதைந்தது.

2017-இல் பெர்முடாவில் நடந்த அதே கோப்பைப் போட்டியில் நியூசிலாந்துப் படகு மூக்கு குத்தி நின்றதை எடுத்துக்கொள்ளுங்கள். மூவர் கடலில் விழுந்தார்கள், மற்றவர்கள் ஆழமான இருக்கைக் குழிகளுக்குள்ளேயே தாக்குப்பிடித்தார்கள். பெரிய காயம் யாருக்கும் இல்லை. படகைச் சரிசெய்து, கோப்பையையும் வென்றார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு சமதள வலை மீது ஓடித் திரிந்தவர்களுக்கு அந்தக் குழிகள் இல்லை.

நான் மூச்சிரைக்க வெளியே வந்தபோது சித்தப்பா சொன்னது கேமராவில் பதிவாகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்: "மக்கா, மரம் கமந்தா ஏறி இருக்கலாம். இதுல எங்க ஏறுவ?" பிறகு கத்தியை வாங்கி உருவிப் பார்த்தார், இரண்டு முறை. இப்போது அது அவருடைய வள்ளத்தில், எஞ்சினுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. 1,570 ரூபாயை அவர் இன்னும் தரவில்லை.